மேசை மாறினால் குணம் மாறும் வெளிச்சம்

இன்று காலை ஒரு சிறுமியின் மணிக்கட்டைப் படம் எடுத்தேன். பூ மார்க்கெட்டுக்கு அவசரமாகப் போன வண்டிக்கு வழிவிடப் போய்ச் சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கிவிட்டாளாம். கீரமங்கலத்தில் நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் இப்போது ஃபிலிம் கிடையாது, டார்க் ரூம் கிடையாது. கையைப் பலகைமேல் வைத்துப் பொத்தானை அமுக்கினால் நான் திரும்புவதற்குள் படம் கம்ப்யூட்டர் திரையில் வந்து நிற்கிறது. சின்னப் பிள்ளையாயிற்றே என்று எக்ஸ்ரே அளவைக் குறைத்து வைத்தேன். கொஞ்சம் அதிகமாகவே குறைத்துவிட்டேன் போலிருக்கிறது. எலும்பு தெரிந்தது. ஆனால் படம் முழுக்க யாரோ மணலை அள்ளித் தூவியது போலப் புள்ளி புள்ளியாக இருந்தது.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, கேபிள் போன டிவி மாதிரி இருக்கு?"

"கொறைச்சுக் குடுத்துட்டேன் சார். வந்து விழுந்த துகள் பத்தல. அதான் ஒண்ணொண்ணாத் தெரியுது."

எலும்பு முறியவில்லை என்பது அந்தப் புள்ளிகளுக்கு நடுவிலும் நன்றாகவே தெரிந்ததால் மறுபடி எடுக்கத் தேவை இல்லாமல் போயிற்று. சிறுமி கட்டுப் போடவில்லையே என்ற வருத்தத்தோடு கிளம்பினாள். நான் மட்டும் அந்தத் திரையை மூட மனசில்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.

நீ போன பிறகு உன்னை நினைக்காத நாளே இல்லை என்றெல்லாம் புளுக மாட்டேன். வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, ரேஷன் கடை இருக்கிறது. உன்னை மறந்தே போகிற நாட்களும் உண்டு. ஆனால் அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும், நீ இருந்திருந்தால் இந்நேரம் உன் ஊர் மீமிசலிலிருந்து பஸ் ஏறியிருப்பாய் என்று தோன்றியது. கல்லூரியில் கடைசி வரைக்கும் நீ பார்க்க ஆசைப்பட்டது இதைத்தானே. வெளிச்சம் துகளாக வந்து விழுவதை ஒருதரம் கண்ணால் பார்க்க வேண்டும் என்பாய். இதோ, கீரமங்கலத்தில், ஒரு சிறுமியின் மணிக்கட்டின் மேல் விழுந்திருக்கிறது. வந்து பாரடி என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

நம் கல்லூரி பிசிக்ஸ் லேப் உனக்கு நினைவிருக்கும் என்று எழுதப் போனேன். நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவள் இனி நான் ஒருத்திதான் என்பது அப்புறம்தான் உறைத்தது. நான் திருவரங்குளத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருவேன், நீ ஹாஸ்டல். பெயர் வரிசையில் அடுத்தடுத்து வந்ததால் நம்மை ஒரே ஜோடியாகப் போட்டார்கள். ஜன்னல் ஓரத்து மேசையில் சோடியம் விளக்கும் நியூட்டன் வளையமும் இருந்தன. கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே வட்டம் வட்டமாக இருட்டும் வெளிச்சமும். வெளிச்சம் அலையாக இருந்தால்தான் இது வரும், ரெக்கார்டில் அப்படியே எழுது என்றார்கள், எழுதினோம். மறு வாரம் சுவர் ஓரத்து மேசைக்கு மாற்றினார்கள். அங்கே போட்டோசெல், நிறக் கண்ணாடிகள். வெளிச்சம் துகளாக இருந்தால்தான் இது வரும் என்று எழுதச் சொன்னார்கள். நான் பேனாவைத் திறந்துவிட்டேன். நீ திறக்கவில்லை.

"ஏ புள்ள, போன வாரம் அங்கிட்டு அலைன்னு எழுதுனோம். இப்ப இங்கிட்டு வந்தா துகள்ங்கிறாங்க. மேசை மாறுனா கொணம் மாறுமா?"

"மாறும். எழுது. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"எங்க ஹாஸ்டல் வார்டன் கூடத்தான் பிரின்சிபாலைக் கண்டா ஒரு மாதிரி, எங்களைக் கண்டா ஒரு மாதிரி. அதுக்காக அவங்க ரெண்டு ஆளா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எனக்கு எப்போதுமே பாடம் முடிந்தால் போதும். உனக்குப் பாடம் முடிகிற இடத்தில்தான் பசி எடுக்கும். வகுப்பில் எழுந்து நின்று நீ கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டு பிளவுகள் வழியாக வெளிச்சத்தை அனுப்பினால் திரையில் கோடு கோடாக விழும். மிகவும் மங்கலாக்கி, ஒரு நேரத்தில் ஒரே துகள் மட்டும் போகிற மாதிரி விட்டால் முதலில் இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று தாறுமாறாக விழும். பொறுமையாகக் காத்திருந்தால் அந்தப் புள்ளிகளே சேர்ந்து அதே கோடுகளாக நிற்கும். அடுத்த புள்ளி எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் விழுந்தால் எங்கே கூடும், எங்கே குறையும் என்பதை மட்டும் துல்லியமாகச் சொல்லலாம். பேராசிரியர் இதைச் சொல்லி முடித்ததும் நீ எழுந்தாய்.

"மேடம், ஒத்தையா வர்ற துகள் யாரோட சேந்து கோடு போடுது?"

அவர் புத்தகத்தை மூடினார். கோபப்படவில்லை. "அது பரீட்சைக்கு வராதும்மா" என்றார். வகுப்பே சிரித்தது. நீயும் சிரித்தாய். ஆனால் உட்காரும்போது என் காதருகே, "அவங்களுக்கும் தெரியல புள்ள" என்றாய். அவருக்குத் தெரியாததில் உனக்கு அப்படியொரு சந்தோஷம்.

பட்டம் வாங்கியதும் நான் எக்ஸ்ரே டிப்ளமோ படிக்கப் போனேன். உனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். மேலே படிக்கவில்லையே என்று நான்தான் புலம்பினேன், நீ புலம்பவில்லை. கல்யாணமாகி உள்ளூரிலேயே நாலு தெரு தள்ளிப் போனாய், மாப்பிள்ளை குவைத்துக்குப் போனார். உன் கேள்விகள் மட்டும் எங்கும் போகவில்லை. ஒரு பெருநாளுக்கு உன் வீட்டுக்கு வந்திருந்தபோது, உன் அண்ணன் படகின் வயர்லெஸ் பெட்டியைக் கூடத்தில் பிரித்துப் போட்டிருந்தார். கடலுக்குள் இருக்கும் படகோடு கரையிலிருந்து பேசுகிற பெட்டி. நீ அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாய்.

"இதுல வர்றதும் வெளிச்சம், ஒன் எக்ஸ்ரேயும் வெளிச்சம். அப்படித்தானே?"

"ரெண்டுமே ஒரே சாதிதான். இதுக்கு அலை நீளம், அதுக்கு ரொம்பக் குட்டை."

"அண்ணன் ஆயுசுக்கும் இதை அலைன்னுதான் சொல்லும். நீ ஆயுசுக்கும் துகள்னுதான் சொல்லுவ. யாரு சொல்றது சரி?"

அடுக்களையில் பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே நீயே ஒரு பதிலும் கண்டுபிடித்தாய். அரிசி மாவைச் சாய்த்தால் தண்ணீர் போல ஒழுகுகிறது, புளியங்கொட்டையைச் சாய்த்தால் கொட்டு கொட்டென்று ஒவ்வொன்றாக விழுகிறது. மாவும் துகள்தான், ஒரு துகளை நம்மால் பிரித்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். வயர்லெஸ்ஸில் வருவது மாவு. ஒவ்வொரு துகளும் அவ்வளவு அற்பம், எண்ணிக்கையோ கணக்கில்லாதது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் ரவை மாதிரி நடுவில். எக்ஸ்ரே புளியங்கொட்டை, ஒன்று விழுந்தாலே சத்தம் கேட்கும். நான் அசந்துபோய், "அட, இதை அப்படியே பரீட்சையில எழுதியிருக்கலாமேடி" என்றேன்.

நீ கத்தியைக் கீழே வைத்தாய். "ஆனா ஒண்ணு இடிக்குது. புளியங்கொட்டை வளையாது. எக்ஸ்ரேயை உப்புக்கல்லுக்குள்ள விட்டா அது வளைஞ்சு கோலம் போடுதுன்னு படிச்சோமே. நம்ம ஊரு உப்புக்கல்லு போதும், அது அலையாயிரும். அப்ப என் கணக்கு தப்பு." தப்பு என்று சொல்லும்போது உன் முகத்தில் இருந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டுமே. கண்டுபிடித்ததை விட அது உடைந்ததுதான் உனக்குப் பண்டிகை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனி எழுதப் போவது அப்படி இல்லை.

கல்யாணமாகிச் சில வருஷங்கள் உனக்குப் பிள்ளை இல்லை. மாப்பிள்ளை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்து போனால் எங்கேயிருந்து வரும் என்று நீயே கேலி செய்வாய். கடைசியில் உன்னையும் அங்கே அழைத்துக்கொள்வதென்று முடிவாகி, அவர் லீவு முடிந்து கிளம்பிய கையோடு நீ திருச்சிக்கு விசா மெடிக்கலுக்குப் போனாய். கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். உனக்கே தெரியாத ஒன்றை அவர்களிடம் எப்படிச் சொல்லியிருக்க முடியும். நீ உண்டாகியிருப்பது சில வாரங்கள் கழித்துத்தான் தெரிந்தது. வீட்டில் சந்தோஷம் ஒரு பகல்கூட நிற்கவில்லை. எக்ஸ்ரே பட்ட பிள்ளை ஊனமாகத்தான் பிறக்கும் என்று யாரோ உன் மாமியாரிடம் சொல்லிவிட்டார்கள். இத்தனை வருஷம் அந்தப் பிள்ளைக்காகத் துஆ கேட்ட அதே மாமிதான், அழுதுகொண்டே கலைத்துவிடலாம் என்றார். மாப்பிள்ளை ஃபோனில், "நீ என்ன சொல்றியோ அதான்" என்றாராம். அது பெருந்தன்மையா, தப்பித்தலா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நீ நேராக என் எக்ஸ்ரே அறைக்கு வந்தாய். ஈயத் தடுப்புக்குப் பின்னால் என் ஸ்டூலில் உட்கார்ந்து, திருச்சி ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டாய். எல்லாரிடமும் சொல்வதை உன்னிடமும் சொன்னேன்.

"நெஞ்சுக்குத்தான் எடுத்துருக்காங்க. வயித்துக்குப் போறது ரொம்பக் கம்மிடி. இதுக்குப் போயி யாரும் கலைக்க மாட்டாங்க."

வேறு யாராவது என்றால் இந்த வார்த்தையில் பாதி உயிர் வந்திருக்கும். வருகிற பெண்கள் பெரும்பாலும் 'கம்மி' என்ற சொல்லைக் கேட்டதும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். நீ எழவில்லை. பிசிக்ஸ் படித்தவள் பயப்படுகிற மாதிரி வேறு யாராலும் பயப்பட முடியாது.

"கம்மின்னு சொல்லாத. போட்டோசெல் மேசையில என்ன படிச்சோம்? செவப்பு வெளிச்சத்தை அண்டா அண்டாவா ஊத்துனாலும் துத்தநாகத் தகட்டுல இருந்து ஒரு எலக்ட்ரான் அசையாது. அல்ட்ரா வயலட் மினுக்குனு பட்டாப் போதும், ஒடனே கெளம்பிரும். எவ்வளவு ஊத்துறோம்ங்கிறது கணக்கு இல்ல, ஒரு துகளுக்கு எவ்வளவு பலம்ங்கிறதுதான் கணக்கு. கம்மின்னா எண்ணிக்கைதான் கம்மி. வந்து விழுற துகளு கம்மி இல்ல, முழுசாத்தான் விழும். ஒண்ணே ஒண்ணு அங்கிட்டு போயி விழுந்துருந்தா?"

நீ சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. நமக்கு மார்க் வாங்கிக் கொடுத்த அதே பாடம் உன் வயிற்றில் கல்லாக உட்கார்ந்திருந்தது. உன்னை அறந்தாங்கியில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு இதனால் ஒன்றும் வராது, கலைக்கிற பேச்சையே எடுக்காதே என்று தெளிவாகச் சொன்னார். "எத்தனையோ பேருக்குப் பாத்துட்டேம்மா." நீ நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாய். பஸ் ஸ்டாண்டில் நின்றபடி, "அவங்க எத்தனையோ பேருக்குச் சொல்றாங்க புள்ள. எனக்கு ஒண்ணுதானே இருக்கு" என்றாய்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது, மூன்றாம் வருஷ லேபில் நாம் பெரிதாக மதிக்காத ஒரு பெட்டி. கதிர்வீச்சை எண்ணும் கெய்கர் கருவி. ஒரு துகள் வந்து குழாயில் விழுந்தால் ஒரு டிக். காலையில் உனக்கு ஃபோன் செய்து, "காலேஜுக்குப் போவோம், கெளம்பு" என்றேன். எதற்கு என்றுகூட நீ கேட்கவில்லை. அதிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எதையும் ஏன் என்று கேட்காமல் விட்டவளா நீ.

லேப் அண்ணன் நம்மைக் கண்டதும் பழையபடி முறைத்தார்.

"ரெண்டு பேரும் இன்னுமா பாஸ் ஆகல?"

"கெய்கரை ஒரு தடவை போட்டுக் காமிங்கண்ணே. பத்து நிமிஷம்."

"சோர்ஸெல்லாம் வெளிய எடுக்க முடியாதும்மா. ஹெச்.ஓ.டி. சாவி வேணும்."

"சோர்ஸ் வேணாம்ணே. சும்மா போடுங்க."

சும்மா போட என்ன இருக்கிறது என்று முனகிக்கொண்டே அவர் போட்டுவிட்டுத் தேநீருக்குப் போனார். மேசையில் ஒன்றும் இல்லை. வெறும் குழாய், வெறும் பலகை. கதிர் வீசும் பொருள் எல்லாம் ஈயப் பானைக்குள், பூட்டிய அலமாரியில். நீ கையை வயிற்றில் வைத்துக்கொண்டு குழாயின் பக்கத்தில் உட்கார்ந்தாய். கருவி டிக் என்றது. கொஞ்சம் பொறுத்து டிக், டிக். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி டிக்.

"ஒண்ணுமே வைக்கலையே. இது யாரு?"

"யாரும் இல்ல. தரையில இருக்கிற கல்லு. சொவத்துல இருக்கிற மண்ணு. மேல வானத்துல இருந்தும் வருது. எங்க ஊரு கோயில் கல்லுல இருந்து வருது, நான் பொறந்ததுல இருந்து அதுலதான் சாஞ்சு ஒக்காந்துருக்கேன். திங்கிற வாழைப்பழத்துல இருந்து வருது. நம்ம ரெண்டு பேரு ஒடம்புல இருந்தே வருதுடி."

"எல்லாமே முழுத் துகளா?"

"முழுத் துகள்தான். நீ சொன்னது சரி, ஒண்ணும் கொறையாது. ஒடம்பு இதைத் தெனமும் வாங்கித் தெனமும் சரி பண்ணிக்கிட்டேதான் இருக்கு. ஒன் வயித்துப் புள்ளையும் மொத நாளுல இருந்து வாங்கிக்கிட்டுத்தான் இருக்கு. திருச்சிக்காரன் குடுத்தது இதோட சேந்து இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான்."

நீ அடுத்த டிக் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாய். இப்போ என்று நீ நினைத்தபோது வரவில்லை. வராது என்று நினைத்தபோது இரண்டு சேர்ந்து வந்தன. உதட்டைக் கடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஒரு குழந்தை மூச்சு விடுவதைக் கேட்பது போலக் கேட்டாய். பிறகு உன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சத்தமே இல்லை. துடைக்கவும் இல்லை. லேப் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, என்ன ஏதென்று கேட்காமல், தன் தேநீரை உன் முன்னால் நகர்த்தி வைத்தார். திரும்பும் வழியில் பஸ்ஸில் நீ சொன்னது ஒரே வார்த்தைதான். "வச்சுக்கிறேன்."

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். உன் பயத்தின் பாடத்தாலேயே உன் பயத்தை ஜெயித்த பெருமை. அந்தப் பெருமை உனக்குப் பிரசவமாகும் வரை இருந்தது.

உன் மகள் மேலுதட்டில் பிளவோடு பிறந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் கேட்ட பேச்சுகளை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். மாமி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கம்மின்னு சொன்னாளே அந்தப் புள்ள" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். இதற்கும் எக்ஸ்ரேவுக்கும் சம்பந்தம் இல்லை, எந்தக் கதிரும் படாத பிள்ளைகளுக்கும் இப்படி வரும், சின்ன ஆபரேஷனில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். எனக்குப் புத்தியில் ஏறியது, நெஞ்சில் ஏறவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நீ உள்ளேயிருந்து கூப்பிட்டாய்.

"இங்கிட்டு வா. கேட்டியா கூத்தை? கீழ்வீட்டுக்காரங்க, கிரகணத்தன்னைக்கு நான் வெளியே வந்தேனாம், அதான்ங்கிறாங்க. ஒரு கட்சி சூரியன் மேல கேஸு போடுது, ஒரு கட்சி ஒன் மெஷின் மேல போடுது. ரெண்டுமே வெளிச்சந்தான். எல்லாரும் நம்ம பாடத்துக்கே வந்துட்டாங்க புள்ள."

தையல் வலியில் நீ சிரிக்க முடியாமல் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமி உள்ளே வந்து பிள்ளையைப் பார்த்து மறுபடி அழத் தொடங்கியதும் உன் குரல் மாறியது. அதட்டவில்லை, கெஞ்சவுமில்லை.

"மாமி, எனக்கு நூறு புள்ள பொறந்து அதுல இது ஒண்ணு இப்படின்னு வரல. இந்த ஒண்ணுதான் வந்துச்சு. இதைப் பாத்து அழாதீங்க, இது பயந்துரும்."

மாமி அழுகையை நிறுத்திப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அந்த வீட்டில் அந்தப் பிள்ளைக்கு அவரைப் போல ஒருவர் கிடையாது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உதட்டின் மேல் மெல்லிய கோடு ஒன்று மட்டும் நின்றது, அவள் சிரித்தால் அதுவும் சேர்ந்து சிரிக்கும். அந்த விசா போயிற்று, போகட்டும் என்று மாப்பிள்ளையே ஊர் திரும்பிக் கடை வைத்தார். எல்லாம் சரியாயிற்று. என்னைத் தவிர.

நான் உன் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டேன். வரும்போதெல்லாம் அந்தக் கோட்டில்தான் கண் போய் நிற்கும். காரணம் நான் இல்லை என்று எனக்குத் தெரியும். என் தொழிலே அதைத் தெரிந்துகொள்வதுதான். ஆனாலும் 'வைத்துக்கொள்' என்று சொன்ன வாய் என்னுடையது. வேறு ஏதாவது பெரிதாக ஆகியிருந்தால்? என் பேச்சை நம்பி இறங்கியவள் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்? இந்த 'ஆகியிருந்தால்' எத்தனை வருஷமானாலும் தேய்வதில்லை. நீ இதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. நீ பேசியதெல்லாம் வேறு. மொபைலில் அந்த ஒற்றைத் துகள் பரிசோதனை வீடியோவைப் பார்த்துவிட்டு, "புள்ளி விழுது பாரு, விழுது பாரு" என்று அடுப்பில் மீன் கருகியதைக்கூட மறந்து கத்தினாயே, அப்படியான பேச்சு.

பிறகு உன் மார்பில் கட்டி வந்தது. தஞ்சாவூரில் ஆபரேஷன், அதன் பின் கதிர் சிகிச்சை. முதல் நாள் நானும் வந்தேன். அந்தப் பெரிய இயந்திரத்தைப் பார்த்ததும் உனக்கு நோய் மறந்து போயிற்று.

"ஒன்னோட மெஷினுக்கு இது அண்ணனா?"

"பெரியப்பா."

"துகளு இன்னும் கனமா? அன்னைக்கு ஒண்ணு பட்டுரக் கூடாதுன்னு செத்தேன். இன்னைக்கு கூட்டமா அனுப்புங்கன்னு கையெழுத்துப் போட்டுருக்கேன். பாத்தியா, மேசை மாறிருச்சு."

உள்ளே இருந்த டெக்னீஷியன் பையனிடம் இது அலையா துகளா என்று கேட்டு அவனை மடக்கியிருக்கிறாய். பாவம், அவன் சிலபஸில் பார்த்துச் சொல்கிறேன் என்றானாம். உன் மாதிரி நிலைமையில் பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள் என்று டாக்டர் சொன்னார். நான் அந்தப் பெரும்பாலானவர்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நீ பிடித்துக்கொள்ளவில்லை. "அவரு சொன்னது கோடு. நான் புள்ளி. எங்க விழுவேன்னு பாப்போம்" என்றாய், தலையணையைச் சரிசெய்துகொண்டே. உன் குரலில் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன், இருந்தது. ஆனால் பயத்தோடு கூடவே, அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆசையும் இருந்தது. என்னால் அது இன்றும் முடியவில்லை. நீ போன அன்று டாக்டர் மேல் கோபம், கணக்கின் மேல் கோபம், நம் பாடத்தின் மேலேயே கோபம். பெரும்பாலானவர்கள் என்றுதானே சொன்னார், எல்லாரும் என்று சொல்லவில்லையே; கணக்கு தப்பவில்லை என்பதுதான் அதிகமாக எரிந்தது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த மறு வாரம் உன் மகள் கிளினிக்குக்கு வந்தாள். பிளஸ் டூ முடித்துவிட்டாள். கூட்டம் குறையும் வரை பெஞ்சில் காத்திருந்துவிட்டு உள்ளே வந்து, நீ உட்கார்ந்த அதே மாதிரி என் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எக்ஸ்ரே ஆன்ட்டி, உம்மா ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. ஆஸ்பத்திரியில வச்சுச் சொன்னாங்க. என்னாலதான் ஒடனே வர முடியல."

உன் வீட்டில் யாரோ அந்தப் பழைய கதையை அவளிடம் சொல்லிவிட்டார்கள், கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"என்னைக் கலைக்கிறதான்னு ஒரு பேச்சு வந்துச்சாம்ல. அதெல்லாம் உம்மாவே சொல்லிட்டாங்க. எனக்கு அதுல வருத்தம் இல்ல. சொல்லச் சொன்னது வேற." அவள் கொஞ்சம் யோசித்து, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போலச் சொன்னாள். "'லேபுக்குப் போறதுக்கு முன்னாடியே நான் முடிவு பண்ணிட்டேன். அவகிட்டப் போயி ஒக்காந்த அன்னைக்கே வச்சுக்கிறதுன்னுதான் இருந்தேன். பயம் இருந்துச்சு, பயத்தோடயே வச்சுக்கிறதுன்னு இருந்தேன். அவ சொன்னதுனாலதான் வச்சுக்கிட்டேன்னு அவ அதைத் தூக்கிக்கிட்டே திரியிறா. எறக்கி வைக்கச் சொல்லு.' இதான் ஆன்ட்டி."

"அப்ப எதுக்கு என்கூட அவ்வளவு தூரம் லேபுக்கு வந்தாளாம்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். அந்தச் சத்தத்தைக் கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு, அதான்னாங்க."

அவள் சிரித்தாள். உதட்டுக் கோடும் சிரித்தது. முதல் தடவையாக அதை நான் கண் தாழ்த்தாமல் பார்த்தேன். அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, 'நோயாளி உள்ளே' என்ற சிவப்பு விளக்கைப் போட்டு, யாரும் வராமல் அழுதேன். ஆத்திரமும்தான். இதை உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்கக் கூடாதா, கல்நெஞ்சக்காரி? உன் மனசு எனக்குப் புரியாமலும் இல்லை. நீயே சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதல் சொல்கிறாய் என்று நான் நம்பியிருக்க மாட்டேன். உன் மகள் வாயால் வந்ததால்தான் நம்புகிறேன்.

இறக்கி வைத்துவிட்டேனடி. நீ சொன்னபடியே இறக்கி வைத்துவிட்டேன். எக்ஸ்ரே அறைக்கு வரும் பெண்கள் ஏதும் ஆகிவிடாதே என்று கேட்டால் முன்பு போல நடுங்காமல், தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்கிறேன். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

ஆனால் இறக்கிய இடம் காலியாக இல்லை. உன்னைப் போலவே எனக்கும் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. பஸ்ஸில் வருகிறது, சமைக்கும்போது வருகிறது. யாரிடம் போய்க் கேட்பேன், பதில் தெரிந்தவள் நீ ஒருத்திதானே. முடிவு செய்துவிட்டுத்தான் வந்தாய் என்றால், ஒன்றுமே வைக்காத அந்த மேசை முன்னால் உட்கார்ந்து எதற்கடி அப்படி அழுதாய்?